பஸ்ஸைக் குறைப்பதற்கு முன் ஸ்டாப்பிங்கைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் 12 பஸ், ஏறக்குறைய 500 பிள்ளைகள். போக்குவரத்துப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நிர்வாகம் ஒரு பஸ்ஸைக் குறைக்கச் சொல்கிறது. பெற்றோரிடமிருந்து "பஸ் தினமும் லேட்" என்றும் "டிரைவர் பறக்கிறார்" என்றும் ஒரே வாரத்தில் இரண்டு விதப் புகார் வருகிறது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை ஜிபிஎஸ்ஸில் போடுவதா, சீட் பெல்ட்டில் போடுவதா, கேமராவில் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினேழு வருடம் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ஆறு வாரத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். அந்த இரண்டு புகாரும் ஒரே புகார்தான். பஸ் லேட் ஆவதால் டிரைவர் பறக்கிறார். தாளில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அந்த ரூட்டை நிதானமாக ஓட்டி முடிக்க முடியவில்லை. முடியாத நேரத்தைக் கையில் கொடுத்துவிட்டு "மெதுவாகப் போங்க" என்று சொன்னால், டிரைவர் வேறு எதையாவது விட்டுத்தான் பிடிப்பார். பிள்ளை உட்காரும் முன்பே வண்டியை நகர்த்துவார். இறங்கிய பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கிளம்புவார். வளைவில் பிரேக்கில் கால் வைக்க யோசிப்பார். நீங்கள் பாதுகாப்பு, சிக்கனம் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே அந்த நேர அட்டவணைக்குள்தான் இருக்கின்றன.

எனக்கே இது உறைக்க இரண்டு வருடம் ஆனது. ஒரு ரூட்டில் பள்ளிக்கு முந்தைய கடைசி நாலு கிலோமீட்டரில் பஸ் ரொம்ப வேகம் என்று தொடர்ந்து புகார். டிரைவரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். மறுபடி புகார். ஆளை மாற்றினேன். புதிதாக வந்தவர் மீதும் மூன்றாவது வாரம் அதே புகார், அதே இடம். அப்புறம்தான் ஒருநாள் விடியற்காலையில் முதல் ஸ்டாப்பிங்குக்கு முன்பே ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். மொத்தம் 23 ஸ்டாப்பிங். அதில் ஏழில் ஒரே ஒரு பிள்ளை. பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகே படியிறங்கி வரும் பிள்ளைக்காக இரண்டு இடத்தில் காத்திருப்பு. பாதி வழியிலேயே ஒன்பது நிமிடம் தின்று போயிருந்தது. கடைசி நாலு கிலோமீட்டர்தான் ஸ்டாப்பிங்கே இல்லாத நேர்ச்சாலை. போன நேரத்தைப் பிடிக்க அந்த மனிதருக்கு இருந்த ஒரே இடம் அதுதான். ஆளை மாற்றிவிட்டேன், தாளை மாற்றவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 15 நிமிடம். 50-இல் ஓட்டினால் 12 நிமிடம். மிச்சம் வெறும் மூன்று நிமிடம், அதுவும் வழியில் எங்கும் வேகம் குறையாவிட்டால். இந்த மூன்று நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்? பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 40-லிருந்து 50 ஆனால் அந்தத் தூரம் ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே போகிறது. இப்போது ஸ்டாப்பிங் பக்கம் வாருங்கள். பெரிய பஸ் வேகம் குறைத்து, நின்று, கதவு திறந்து, பிள்ளை ஏறி உட்கார்ந்து, மறுபடி வேகம் எடுக்க முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்டாப்பிங்கைப் பக்கத்து ஸ்டாப்பிங்குகளோடு சேர்த்தால் அதே மூன்று நிமிடம் கிடைத்துவிடும். டீசலும் மிச்சம், பிரேக்கும் மிச்சம். வேகத்தில் தேடுகிற நேரம் முழுக்க ஸ்டாப்பிங்கில்தான் கிடக்கிறது.

அதனால் முதல் இரண்டு வாரம் உங்கள் வேலை பஸ்ஸில் உட்காருவது. 12 ரூட்டிலும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் பஸ் வந்த நேரம், கிளம்பிய நேரம், ஏறிய தலைகள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது டிரைவர் நல்ல பிள்ளையாகத்தான் ஓட்டுவார், அது நல்லதுதான். நிதானமாக ஓட்டினால் அந்த ரூட்டுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மற்ற நாட்களில் ஆயாம்மாவிடம் சொல்லி ஐந்து நாள் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். சராசரியை எடுக்காதீர்கள். சராசரி என்றால் பாதி நாள் லேட் என்று பொருள். ஐந்தில் நாலு நாள் எட்டக்கூடிய நேரத்தை அட்டவணையில் போடுங்கள். பள்ளி மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு பஸ் உள்ளே நுழைகிற மாதிரி இருக்கட்டும்.

இப்படி இளக்கம் வைத்தால் இன்னொரு தொல்லை கிளம்பும். சாலை காலியாக இருக்கும் நாளில் பஸ் ஸ்டாப்பிங்குக்கு முன்னதாகவே போய்விடும். லேட்டாகப் போவதைவிடப் பெரிய தப்பு அது. பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை சாலையில் ஓடும், இல்லையென்றால் அப்பா டூவீலரில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பிங்குக்குத் துரத்துவார். இரண்டுமே விபத்துக்கு வழி. ஆகவே ஒவ்வொரு ரூட்டிலும் ஓரமாக நிறுத்த வசதியுள்ள இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து, குறித்த நேரம் வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது என்று வையுங்கள். பெற்றோருக்கும் ஒரே விதி: பிள்ளை ஐந்து நிமிடம் முன்பே நிற்க வேண்டும், பஸ் முன்னதாகப் போகாது, குறித்த நேரத்துக்குப் பிறகு யாருக்காகவும் காத்து நிற்காது. முதல் வாரம் சண்டைக்கு வருவார்கள். இரண்டாவது வாரம் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

சரி, ஸ்டாப்பிங்குக்கு வருவோம். பள்ளிப் பேருந்து விபத்து என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது சாலையில் மோதல். பெரிய பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஓரளவு பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. இறங்கிய பிள்ளைக்குத்தான் ஆபத்து. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலக் கல்வித்துறை 1970-இல் தொடங்கி, பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் இறந்த பிள்ளைகளின் கணக்கைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டியிருக்கிறது. வேறு வண்டி அடித்து இறந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, தாங்கள் வந்த அதே பஸ்ஸின் சக்கரத்தில் போனவர்களும் அதில் நிறையப் பேர். பஸ்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று மீட்டரை ஆபத்து வளையம் என்று அங்கே பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். டிரைவர் சீட்டில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து, ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு பொருளைப் பஸ்ஸின் மூக்குக்கு நேர் முன்னால் வைக்கச் சொல்லிப் பாருங்கள். தெரியாது. கையிலிருந்த தாள் விழுந்து, அதை எடுக்கக் குனியும் பிள்ளையும் அதே இடத்தில்தான் இருக்கும்.

இதிலிருந்து ஸ்டாப்பிங் விதிகள் தானாக வந்துவிடும். முடிந்தவரை பிள்ளையின் வீடு பஸ் கதவு இருக்கும் பக்கத்தில் அமைய வேண்டும். காலையில் சாலையின் ஒரு பக்கம் ஏறும் பிள்ளை மாலையில் மறுபக்கம் இறங்கும் என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. போகும் வழியையும் வரும் வழியையும் தலைகீழாக மாற்றிப் போட்டால் பாதி இடங்களில் கடக்கும் வேலையே மிச்சமாகும். மிச்சம் இருக்கும் இடங்களில் ஆயாம்மா முதலில் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் பத்துத் தப்படி தள்ளி நின்று, டிரைவரும் பார்க்க, கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும். பின்பக்கமாகக் கடக்கவே கூடாது. வளைவில், ஏற்றத்தின் உச்சி தாண்டிய இறக்கத்தில், சந்திப்பின் வாயில் ஸ்டாப்பிங் வேண்டாம். காத்திருக்கும் பிள்ளைகள் நிற்க, சாலையை விட்டு விலகிய இடம் வேண்டும். மழைக்காலத்தில் அந்த இடம் குட்டையாகிறதா என்றும் பாருங்கள். ஆனால் ஸ்டாப்பிங்கைச் சேர்க்கிறேன் பேர்வழி என்று, ஒரு பிள்ளையைப் பெரிய சாலையைக் கடந்து நடக்கவிட்டால் மிச்சப்படுத்திய நிமிடத்துக்கு அர்த்தமில்லை. சேர்ப்பதற்கு முன் அந்த நடைப்பாதையை நீங்களே நடந்து பாருங்கள், பிள்ளை நடக்கும் அதே நேரத்தில்.

முட்டுச்சந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி பஸ் ரிவர்ஸ் எடுக்காமல் ரூட் அமைவதுதான் உத்தமம். வேறு வழியே இல்லை என்றால் வரிசை முக்கியம். காலையில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு ரிவர்ஸ், மாலையில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிய பிறகு இறக்கம். அதாவது சக்கரம் பின்னால் உருளும் நேரத்தில் பிள்ளை எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். இதைச் செய்யச் செலவே இல்லை. ஆனால் எத்தனையோ பள்ளிகளில் டிரைவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

கைப்பிடியில் செய்ய ஒரு சோதனை சொல்கிறேன், நாளைக்கே செய்துவிடலாம். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டுங்கள். படிக்கட்டுக் கைப்பிடிக்கும் பஸ் சுவருக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டு, பிள்ளை இறங்குவது மாதிரி வெளியே இழுங்கள். நட்டு எங்கேயாவது சிக்கினால், ஒருநாள் பிள்ளையின் பை வாரோ சட்டையின் நாடாவோ அங்கேதான் சிக்கும். இப்படிச் சிக்கி இழுபட்டு இறந்த பிள்ளைகள் உண்டு. அதனால்தான் இந்த நூல்-நட்டுச் சோதனை வந்தது. என்னிடம் இருந்த பஸ்களில் மூன்றில் நட்டு சிக்கியது. வெல்டரைக் கூப்பிட்டு அரை நாளில் சரிசெய்தோம்.

அடுத்தது தலை எண்ணுவது. இதில்தான் நான் கொஞ்சம் கறாரான ஆள். 2022 செப்டம்பரில் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் மகினொஹாரா என்ற ஊரில், மழலையர் பள்ளி பஸ்ஸுக்குள் மூன்று வயதுப் பெண்பிள்ளை சுமார் ஐந்து மணி நேரம் விடப்பட்டு வெப்பத்தில் இறந்துபோனாள். அதில் எத்தனை தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன என்று பாருங்கள். வழக்கமான டிரைவர் அன்று வரவில்லை, பள்ளியின் தலைவரே வண்டியை ஓட்டினார். எல்லோரும் இறங்கினார்களா என்று உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வகுப்பில் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் வீட்டுக்கு யாரும் கேட்கவில்லை. இதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் போதும். அதற்குப் பிறகு அங்கே 2023 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட பஸ்களில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. தென் கொரியாவிலும் 2018-இல் ஒரு குழந்தைகள் காப்பக வேனில் இதேபோல ஒரு சாவு நடந்து, 2019-லிருந்து கருவி கட்டாயம். கருவியின் வேலை எளிமையானது. என்ஜினை அணைத்ததும் ஒலி எழுப்பும். அதை நிறுத்தும் பொத்தான் கடைசி சீட்டுக்குப் பின்னால் இருக்கும். டிரைவர் பஸ்ஸின் முழு நீளமும் நடந்து போனால்தான் சத்தம் ஓயும்.

வெயிலில் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் ஏறிவிடும். ஏறப்போகும் வெப்பத்தின் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. ஆகவே "கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு இடமில்லை. கருவி வாங்க முடியாவிட்டால் அதே பழக்கத்தைக் காசில்லாமல் கொண்டுவரலாம். கடைசி சீட்டின் பின்னால் ஒரு அட்டை தொங்கட்டும். பஸ்ஸைப் பூட்டும் முன் டிரைவர் அதை எடுத்துவந்து உங்கள் அறையில் மாட்ட வேண்டும். 12 அட்டை வந்து சேரும்வரை காலை டிரிப் முடியவில்லை. நடக்கும்போது சீட்டின் மேலே மட்டும் பார்த்தால் போதாது, குனிந்து கீழேயும் பார்க்க வேண்டும். தூங்கும் பிள்ளை பிரேக் அடிக்கும்போது சரிந்து சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் கிடக்கும். எங்களிடம் ஒருமுறை அப்படிக் கிடந்த பிள்ளையைக் கண்டுபிடித்தது அட்டை எடுக்கப் போன டிரைவர்தான். அன்று சாயங்காலம் எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதோடு, ஏறிய எண், இறங்கிய எண் இரண்டையும் ஆயாம்மா எழுத வேண்டும். வகுப்பில் வருகைப்பதிவு முடிந்த கால் மணி நேரத்துக்குள், சொல்லாமல் வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் போக வேண்டும். இந்த ஒரு போன் ஆசிரியர்களுக்குக் கூடுதல் சுமை என்று கூட்டத்தில் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆக்டிங் டிரைவர் வரும் நாள்தான் எல்லா ரூட்டிலும் மோசமான நாள். மகினொஹாராவிலும் அதுதான் நடந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் தலைக்கு மேலே ஒரு ரூட் தாள் ஒட்டியிருக்கட்டும்: ஸ்டாப்பிங் பெயர், எந்தப் பக்கம், எத்தனை பிள்ளை, எங்கே கையைப் பிடித்துக் கடத்த வேண்டும், எங்கே மரக்கிளை கூரையில் உரசும், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டு. ரூட் தெரிந்த ஆயாம்மாவை ஆக்டிங் டிரைவர் இருக்கும் நாளில் மாற்றவே கூடாது. அப்புறம், டிரைவரை ஒரே ரூட்டில் நிலையாக வைத்திருங்கள். ரூட்டைச் சுழற்சி முறையில் மாற்றினால் நியாயமாக இருக்கும் என்று ஒரு முதல்வர் என்னிடம் வாதிட்டார். ஆனால் நாலாவது ஸ்டாப்பிங்கில் இரட்டையர் ஏற வேண்டும், ஒருத்திதான் ஏறியிருக்கிறாள் என்று எந்தத் தாளையும் பார்க்காமல் சொல்லக்கூடியவர் பழகிய டிரைவர்தான். அவருடைய தூக்கத்தையும் கேளுங்கள். இரவில் வேறு வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் பள்ளி பஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மிரட்டல் மருந்தாகாது. ஏன் ஓட்டுகிறார் என்று கேட்டால் பெரும்பாலும் சம்பளத்தில் வந்து நிற்கும்.

மாலை நேரத்தில் பள்ளி வளாகமே ஒரு தனி ஆபத்து. எனக்கு வேலை செய்த முறை இது: எல்லா பஸ்ஸும் மணி அடிப்பதற்கு முன்பே ஒரே வரிசையில், மூக்கு வெளிவாசலைப் பார்த்து நிற்கும். என்ஜின் அணைந்திருக்கும். கடைசிப் பிள்ளை ஏறி, ஒருவர் மட்டும், அந்த ஒருவர் மட்டுமே, கை காட்டிய பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். நடுவில் ஒரு பஸ்ஸை முன்னால் விடச் சொன்னால் விடக் கூடாது. பெற்றோரின் வண்டிகளுக்கு வேறு வாசல். "இன்னிக்கு மட்டும் அத்தை வீட்டில் இறக்கிவிடுங்க" என்ற வேண்டுகோளெல்லாம் மதியத்துக்குள் எழுத்தில் வர வேண்டும், ஓடும் பஸ்ஸில் டிரைவருக்குப் போன் செய்து சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஸ்டாப்பிங்கில் ஆள் இல்லையென்றால் பிள்ளை மறுபடி பள்ளிக்கே வரும். இதை ஜூனில் ஒருமுறை சொல்லிவிட்டால் வருடம் முழுக்கச் சண்டை இல்லை.

வண்டியைப் பற்றி. 2012 ஜூலையில் தாம்பரத்தில் என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்கு மறந்திருக்காது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் இறந்துபோனாள். அந்த பஸ் தகுதிச் சான்று வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று: அந்த ஓட்டையைத் தினமும் யாராவது பார்த்திருப்பார்கள். பார்த்தவர் யாரிடம் சொல்வது, சொன்னால் வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி. டிரைவரோ ஆயாம்மாவோ ஒரு குறையை எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே "சரிசெய்தாச்சு" அல்லது "வண்டி நிறுத்தம்" என்று உங்கள் கையெழுத்தோடு பதில் போக வேண்டும். இரண்டு தடவை பதில் வராவிட்டால் மூன்றாவது தடவை எழுத மாட்டார்கள்.

அவசரக் கதவை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். துருப்பிடித்த கதவும், பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று கம்பி கட்டிய கதவும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1988 மே 14 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கரோல்டன் அருகே, குடித்துவிட்டு எதிர்த்திசையில் வந்த ஒருவரின் வண்டி, முன்பு பள்ளி பஸ்ஸாக ஓடிய ஒரு பஸ்ஸில் மோதியது. இறந்த 27 பேரும் மோதலால் இறக்கவில்லை. தீயிலும் புகையிலும் இறந்தார்கள். முன்கதவு தீயில் அடைபட்டது. பின்கதவு ஒன்றுக்கு மொத்தக் கூட்டமும் குறுகிய நடைவழியில் முண்டியடித்தது. அதனால் நடைவழியில் பை, சாப்பாட்டுக் கூடை எதுவும் இருக்கக் கூடாது. வருடம் இரண்டு முறை வெளியேறும் ஒத்திகை வையுங்கள். அதை முன்கதவில் நடத்தினால் அது தினமும் நடப்பதுதான். பின்கதவு வழியாக, பெரிய பிள்ளைகள் இருவர் கீழே நின்று சின்னப் பிள்ளைகளைக் கைகொடுத்து இறக்குகிற மாதிரி நடத்துங்கள்.

சீட் பெல்ட் கேள்விக்குச் சுருக்கமாக: அமெரிக்கப் பெரிய பஸ்களில் உயரமான, பஞ்சு வைத்த முதுகுள்ள சீட்டுகளை நெருக்கமாகப் போட்டு, முட்டினாலும் அடிபடாத கூடு மாதிரி அமைக்கும் முறை 1977 ஏப்ரல் முதல் கட்டாயம். உங்கள் பஸ்ஸில் முன் சீட்டின் மேலே வெறும் இரும்புக் குழாய் இருந்தால், மோதலில் பிள்ளையின் பல்லும் முகமும் அதில்தான் போய்ப் படும். முதலில் அதற்குப் பஞ்சு உறை போடுங்கள். பெல்ட் நல்லதுதான், தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டாக, அதைத் தாங்கும் சீட்டோடு வாங்க முடிந்தால். பழைய சீட்டில் இடுப்புப் பெல்ட்டை மட்டும் திருகி மாட்டுவதற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

ஜிபிஎஸ் வாங்கலாம், ஆனால் ஸ்டாப்பிங் சீரான பிறகு. இப்போதே வாங்கினால் லேட் ஆவதைப் பெற்றோர் நேரடி ஒளிபரப்பாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வாங்கிய பிறகு திடீர் பிரேக் பதிவுகளை எடுத்து டிரைவர்வாரியாகப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. இடவாரியாகப் பாருங்கள். ஒரே இடத்தில் மூன்று டிரைவர்களும் திடீர் பிரேக் போட்டிருந்தால் அந்த இடத்திலோ, அந்த இடத்துக்கு நீங்கள் போட்ட நேரத்திலோதான் கோளாறு.

இப்போது நிர்வாகத்தின் கேள்வி: ஒரு பஸ்ஸைக் குறைக்க முடியுமா? 500 பிள்ளைகளை 12-ஆல் வகுத்தால் பஸ்ஸுக்கு 42 பேர், 50 இருக்கை என்றால் இடம் இருக்கிறதே என்றுதான் அவர்கள் கணக்கு ஓடும். ஆனால் பஸ் நிரம்பும் முன்பே நேரம் நிரம்பிவிடும். முதலில் ஏறும் பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் இருக்கக் கூடாது என்று வைத்தால், பல ரூட்டுகளில் 35 பேரோடேயே நேரம் முடிந்துவிடும். ஸ்டாப்பிங்கைச் சேர்த்து நேரத்தை விடுவித்தால்தான் காலி இருக்கை பயன்படும். இன்னொன்று, பட்டியலில் இருப்பவர் வேறு, உண்மையில் ஏறுபவர் வேறு. இரண்டு வாரத் தலை எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். காலையில் ஏறி மாலையில் டியூஷனுக்குப் போய்விடும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பஸ் இரவில் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். முதல் ஸ்டாப்பிங் பக்கமே பாதுகாப்பாக நிறுத்த இடமும் டிரைவர் வீடும் அமைந்தால், காலி ஓட்டம் தினமும் இரண்டு முறை மிச்சம்.

கணினியில் ரூட் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்கள் உண்டு. அதில் பொய் இல்லை. 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளுக்கு அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரூட் போட்டுக் கொடுத்து ஏறக்குறைய 50 பஸ்ஸைக் குறைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அதே கணக்கைக் கொண்டு பள்ளிகள் தொடங்கும் நேரத்தையே மாற்றப் போகிறோம் என்றபோது பெற்றோர் கொதித்தெழுந்து, திட்டம் கைவிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரில் இன்னும் மோசம். டிரைவர் பற்றாக்குறைக்காகக் கணினி உதவியோடு ரூட்டுகளைக் குறைத்து மாற்றியமைத்தார்கள். முதல் நாள் கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேரும்போது இரவு மணி பத்து ஆகப் போகிறது. அதன்பின் பல நாள் பள்ளிக்கு விடுமுறை விட்டு ரூட்டைச் சரிசெய்தார்கள். ஒரே பஸ் இரண்டு டிரிப் அடிக்கும் இடத்தில், முதல் டிரிப்பில் பத்து நிமிடம் போனால் இரண்டாவது டிரிப்பின் எல்லா ஸ்டாப்பிங்கிலும் அந்தப் பத்து நிமிடம் தொடரும். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் வைக்காத அட்டவணை முதல் மழைநாளிலேயே விழுந்துவிடும்.

ஆகவே நிர்வாகத்திடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு வாரம் அளப்பு, அடுத்த இரண்டு வாரம் ஸ்டாப்பிங் மாற்றம், அதன்பின் 11 பஸ்ஸுக்குப் புதிய ரூட் போட்டு, பள்ளி நடக்கும் நாளில், அதே காலை நெரிசலில், பிள்ளைகள் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. அந்த நேரத்தில் பஸ் ஏது என்று கேட்பார்கள். ஒரு வேனை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் முக்கால் நிமிடம் நின்று போகச் சொல்லுங்கள், பெரிய பஸ்ஸுக்கு மேலும் பத்தில் ஒரு பங்கு நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக 11-க்கு மாறலாம். உங்கள் எண்ணிக்கைக்கு ஒத்துவரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மிஞ்சும் பன்னிரண்டாவது பஸ்ஸை விற்றுவிட்டால் நிர்வாகம் தப்புக் கணக்கு போடுகிறது. அதைக் கழுவி, டீசல் நிரப்பி, வாசலருகே ஸ்பேராக நிறுத்துங்கள். இப்போது உங்களிடம் ஸ்பேர் இல்லாததால்தான் பிரேக் சத்தம் போடும் பஸ்ஸும் "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடலாம்" என்று தினமும் கிளம்பிக்கொண்டிருக்கிறது.